கண்டதை வரைதல்



யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவர் கையில் ஒரு வெள்ளைத் தாளையும் வர்ணப் பெட்டியையும் கொடுத்து, 'ஓர் இயற்கைக் காட்சி வரைக' என்று சொன்னால், பெரும்பாலும் என்ன வரும் என்பதைச் சித்திர ஆசிரியர் எவரும் முன்னரே சொல்லிவிடுவர். முதலில் இரண்டு மலைகள் தோன்றும். அவற்றின் நடுவே, ஈர்க்குகள் போன்ற கதிர்களை நீட்டிக்கொண்டு பாதிச் சூரியன் எழும். மலையடிவாரத்திலிருந்து ஓர் ஆறு வளைந்து வளைந்து வரும். ஆற்றங்கரையில் ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நான்கு பறவைகள். இத்துடன் இயற்கை முற்றுப்பெற்றுவிடும்.

குடாநாட்டில் மலை உண்டா? இல்லை. கீரிமலை என்று பெயர் பூண்ட ஊரிலும் மலை இல்லை. மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு உண்டா? அதுவும் இல்லை. வழுக்கியாறுங்கூட மாரியில் ஓடிக் கோடையில் வற்றும் நீரோட்டமே. அந்தப் பிள்ளை நாள்தோறும் நடந்து வருகின்ற ஒழுங்கையில் கிடுகு வேலி இருக்கின்றது. வேலிக்கு மேலே பூவரசு தழைத்திருக்கின்றது. அப்பால் ஓட்டு வீடும், அதன் பின்னே பனந்தோப்பும், அவற்றுக்கு மேல் அகன்ற வானமும் இருக்கின்றன. இவையொன்றும் தாளில் வருவதில்லை. கண் நாள்தோறும் காண்பதைக் கை வரையவில்லை. எவரோ எப்போதோ வரைந்ததைக் கை திரும்பத் திரும்ப எழுதுகின்றது.

கண்டதை வரையக் கற்பது எங்ஙனம்? குறிப்பாக, கட்டடங்களும் மரங்களும் சேர்ந்த ஒரு காட்சியை, மனப்பதிவு ஓவியம் என்று சொல்லப்படும் முறையில் தீட்டப் பழகுவது எங்ஙனம்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

மனப்பதிவு ஓவியம் என்னும் பெயர் பிறந்த கதை சுவையானது. 1874ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பிரான்சு தேசத்தின் பரிஸ் நகரிலே, நாடார் என்ற புகைப்படக் கலைஞர் முன்னர் தொழில் செய்த கூடத்தில், ஓவியர் சிலர் தாமாகவே கூடி ஒரு கண்காட்சி வைத்தனர். அரச ஆதரவு பெற்ற பெரிய கண்காட்சிகளில் அவர்களுடைய படங்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அங்கே குளோட் மொனே என்பவர் லெ ஹாவர் துறைமுகத்தின் விடியற்காலையைத் தீட்டிய படமொன்றும் இருந்தது. 'மனப்பதிவு: சூரியோதயம்' என்பது அதன் பெயர். லூயி லெறோய் என்ற பத்திரிகையாளர் அப்பெயரைப் பற்றிக்கொண்டு, முற்றுப்பெறாத படங்களை வைத்திருக்கும் 'மனப்பதிவுக்காரர்' என்று அனைவரையும் நகையாடினார். ஏளனமாகச் சூட்டிய பெயரே பின்னர் அவ்வியக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

அந்த ஓவியர்கள் செய்த புதுமை யாது? அவர்கள் பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வந்து, காட்சியின் முன்னிலையிலேயே வரைந்தனர். அதற்கு ஒரு சிறிய கைத்தொழிற் கண்டுபிடிப்பும் துணைசெய்தது. ஜோன் றாண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841ஆம் ஆண்டில் வர்ணத்தை அடைத்து வைக்கும் தகரக் குழாயை உருவாக்கியிருந்தார். அதற்கு முன்னர் குழைத்த வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டி வைப்பதே வழக்கம். அது வெடிக்கும், காயும், தூக்கிச் செல்லவும் ஏற்றதன்று. குழாய் வந்தபின் ஓவியர் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் வர்ணங்களை எளிதாகக் கொண்டுபோக முடிந்தது.

அறிவியலும் ஒரு பாடத்தைக் கொடுத்திருந்தது. பரிஸ் நகரத்துக் கொபலின் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்த செவ்றோய் என்ற இரசாயன அறிஞரிடம், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்ற முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது நூலிற் குற்றமில்லை என்று கண்டார். நீலத்தின் பக்கத்தில் வைத்து நெய்தமையாலேயே அந்தக் கறுப்பு வெளிறித் தோன்றியது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்திலுள்ள நிறமும் தீர்மானிக்கின்றது என்பதை அவர் 1839ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். மனப்பதிவு ஓவியரின் வர்ணத் தட்டில் இந்த உண்மை பெரிதும் பயன்பட்டது.

இன்னொரு செய்தியும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. அக்குழுவினர் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் தவறாது பங்குகொண்டவர் ஒருவரே. அவர் கமீல் பிசாரோ. 1830ஆம் ஆண்டில் கரிபியக் கடலிலுள்ள சென் தோமஸ் என்ற தீவிற் பிறந்து, வெப்பநாட்டின் வெயிலைக் கண்டு வளர்ந்தவர் அவர். முதுமையிற் கண்நோய் வந்து காற்றும் தூசியும் ஆகாமற் போயின. அப்போது அவர் சாளரத்தின் அருகே அமர்ந்து, கீழே தெரிந்த தெருக்களையும் கட்டடங்களையும் மரங்களையுமே வரைந்தார். ஆகவே, வெளியே சென்று வெயிலில் நிற்க இயலாதவர்க்கு ஓவியம் இல்லை என்பதில்லை. வீட்டு விறாந்தையும் போதும்.

இம்முறை இலங்கைக்கு வந்தது எவ்வாறு? 1920ஆம் ஆண்டில் சாள்ஸ் பிறீகுறோவ் வின்சர் என்பவர் அரசாங்கச் சித்திர வித்தியாதரிசியாக இங்கு வந்தார். அவர் பரிஸ் நகரத்துப் புதிய ஓவியத்தை நன்கு அறிந்தவர். அவரும், அவருக்குப் பின் அப்பதவியை வகித்த ஜெப்றி பீலிங் என்பவரும், பிறர் வரைந்த படத்தைப் பார்த்து எழுதுவதே சித்திரக்கல்வி என்ற பழைய எண்ணத்தை மாற்ற முயன்றனர். 1943ஆம் ஆண்டில் லயனல் வென்ற் முதலானோர் கொழும்பில் தொடங்கிய '43 குழு' என்னும் ஓவியர் குழுவுக்கு இந்த முயற்சியும் ஒரு வித்தாகும்.

யாழ்ப்பாணத்திலோ அதற்கும் முன்னரே ஒரு விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றிய எஸ். ஆர். கனகசபை என்பவர் 1938ஆம் ஆண்டில் 'வின்சர் ஓவியக் கழகம்' என்ற அமைப்பை நிறுவினார். தூரத்து நகரமொன்றிற் பிறந்த ஒளி ஓவியம், குடாநாட்டு ஆசிரியர் கையிற் சேர்ந்த வழி இதுவே.

வந்து சேர்ந்த முறை ஒன்று; ஆனால் ஒளி வேறு. வட பிரான்சின் ஒளி மெல்லியது. ஈரப் பஞ்சு போன்ற காற்றினூடே வடிந்து வருவது. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் இருக்கின்றது. சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களிலும், மீண்டும் ஆகஸ்ட் இறுதியிலும், நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. அப்போது மனிதனுடைய நிழல் அவனுடைய காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஆனி மாதத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மார்கழியில் வடக்கே விழும். ஆதலால் வடக்குப் பார்த்த சுவர் ஒன்று ஆண்டின் ஒரு பகுதியில் நண்பகல் வெயில் பெற்றும், இன்னொரு பகுதியில் நிழலுற்றும் நிற்கின்றது. ஒரே வீட்டின் ஒரே சுவர் இவ்வாறு இரண்டு சுவர்களாகிவிடுகின்றது.

நிலமும் அவ்வாறே பலவாறு மாறுகின்றது. சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கங்களிற் செம்மண். மணற்காட்டிலே வெண்மணல். தீவுப்பகுதியில் முருகைக்கல் அடுக்கிய மதில்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் புழுதி எழுந்து தொலைவு மங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் காற்று கழுவப்பட்டு, பனந்தோப்பின் ஒவ்வொரு வட்டும் வானத்தில் தனித்தனியே தெரியும். நிலம் தட்டையாதலால் வானம் மிகப் பெரிது. மலைநாட்டு ஓவியன் தாளில் மூன்றில் ஒரு பங்கை வானத்துக்குக் கொடுத்தால், யாழ்ப்பாணத்து ஓவியன் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி, பயிலும் முறைக்கு வருவோர் முதலில் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் நல்லூர்க் கோபுரத்தையோ ஒல்லாந்தர் கோட்டையையோ வரைய முற்படுதல் வேண்டாம். சிற்பங்களும் மூலைமுடுக்குகளும் கண்ணை இழுத்துக்கொள்ளும், ஒளி மறந்துபோகும். ஓர் ஒழுங்கை முகப்பு, ஒரு சங்கடப் படலை, ஓட்டுக் கூரை இறக்கிய ஒரு வீடு, பக்கத்தில் ஒரு வேம்பு, இவை போதும். ஒரு மட்டையின் நடுவே தீப்பெட்டி அளவில் நீள்சதுரத் துவாரமொன்று வெட்டி, அதனூடே பார்த்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது தெளிவாகும். சிறிது கைப்பழக்கம் வந்தபின், பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்துக்குச் செல்லலாம். தெருவை மூடி நிற்கும் அந்த மடத்தின் உள்ளே குளிர்ந்த இருளும், இருபுறத்திலும் வெயில் எரியும் வீதியும் ஒருங்கே தோன்றும். ஒளியையும் நிழலையும் கற்பிக்க அதனினும் நல்ல வகுப்பறை கிடைப்பது அரிது.

அடுத்தது காலம். காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை வரையும், மாலை நான்கிலிருந்து ஆறு வரையும் நல்ல வேளைகள். அப்போது நிழல்கள் நீண்டு கிடக்கும். சுவரின் ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் ஆழ்ந்திருக்கும். ஆனால் அந்த ஒளி நிற்பதில்லை. முக்கால் மணி நேரத்தில் நிழல் வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே தாள் சிறிதாயிருத்தல் நன்று. ஓர் அடி அகலத்துக்கு மேல் வேண்டியதில்லை. வரையும் பலகை நிழலில் இருக்க வேண்டும். வெயில் நேரே படும் வெள்ளைத் தாளில் தீட்டிய வர்ணங்கள் வீட்டுக்குள் வந்ததும் இருண்டு கிடப்பதைக் கண்டு பலர் மனம் தளர்ந்திருக்கின்றனர்.

வர்ணங்கள் ஏழு போதும். கடும் நீலம், இளநீலம், எலுமிச்சை மஞ்சள், மஞ்சட்காவி, செந்தூரச் சிவப்பு, கருஞ்சிவப்பு, வெள்ளை என்பன அவை. கறுப்பை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல் தொடக்கத்தில் நல்ல பயிற்சி. தைல வர்ணம் விலையுயர்ந்ததாயின், மாணவர் பயன்படுத்தும் போஸ்டர் வர்ணமும் தடித்த மட்டையும் போதுமானவை. மட்டையின் மேல் முதலிற் செங்காவியை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால், பின்னர் தூரிகைத் தடங்களுக்கு இடையே அச்செம்மை சிறிது சிறிதாக எட்டிப்பார்த்து, படம் முழுவதையும் ஒரே வெயிலிற் பிணைக்கும். நீர்வர்ணம் தீட்டுபவருக்கு இது பொருந்தாது. அவருக்கு வெள்ளைத் தாளே வெயிலாகும். ஒளிபடும் சுவரைத் தொடாமல் விடுவதே அவருடைய திறமை.

இருந்தவுடன் தூரிகையை எடுத்தலாகாது. முதலிற் கண்களை இடுக்கிக்கொண்டு காட்சியைப் பார்க்க வேண்டும். அப்போது இலையும் ஓடும் யன்னற் கம்பியும் மறைந்து, மூன்று நான்கு பெரிய திரள்கள் மட்டும் எஞ்சும். எது மிக வெளிச்சம்? எது மிக இருள்? எது நடுத்தரம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின்னரே வரையத் தொடங்கலாம். இங்கே குடாநாட்டு மாணவன் விழிப்பாயிருக்க வேண்டிய ஓர் இடமுண்டு. வானமே காட்சியில் மிக வெளிச்சமானது என்று மேனாட்டு நூல்கள் பல கூறும். வட ஐரோப்பாவில் அது பெரும்பாலும் சரி. ஆனால் காலை வெயில் படும் சுண்ணாம்புச் சுவரோ வெண்மணலோ, யாழ்ப்பாணத்து நீல வானத்தை விடப் பிரகாசமாகத் தோன்றுவதுண்டு. நூலை நம்பாது கண்ணை நம்புவதே இங்குப் பாடம்.

கட்டடத்தை வரையும்போது கண்மட்டக் கோட்டை முதலிற் குறித்துக்கொள்க. பார்ப்பவருடைய கண் எந்த உயரத்தில் இருக்கின்றதோ அந்த உயரமே அக்கோடு. அதற்கு மேலேயுள்ள கூரை விளிம்புகள் தொலைவுக்குச் செல்லச் செல்ல அக்கோட்டை நோக்கி இறங்கும். அதற்குக் கீழேயுள்ள சுவரின் அடிக்கோடும் திண்ணை விளிம்பும் அதை நோக்கி ஏறும். சுவரின் மூலைகள் நிமிர்ந்தே நிற்கும். இவ்வளவும் சரியாயின், ஓடுகளை எண்ண வேண்டியதில்லை. கதவின் கொண்டியை வரையவும் வேண்டியதில்லை. கட்டுமானம் உறுதியாக நின்றால், அதன்மேல் தூரிகை எவ்வளவு விரைந்து சென்றாலும் வீடு சரியாது. மனப்பதிவு ஓவியம் கோடறியாதவர் கையில் எளிதில் வரும் என்று நினைப்பவர் இந்த இடத்தில் ஏமாறுவர்.

பின்னரே நிறம். மாணவனுக்குத் தடையாயிருப்பது அவனுடைய அறிவே. சுவர் வெள்ளை, இலை பச்சை, நிழல் கறுப்பு என்று அவன் அறிவான். அவன் அறிந்ததைத் தீட்டுவான், கண்டதைத் தீட்டமாட்டான். வெள்ளைச் சுவரைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கட்டும். வெயில் படும் பகுதி வெண்மையன்று, அது இளமஞ்சள். கூரைத் தாழ்வாரத்தின் நிழல் விழும் பகுதி கறுப்பன்று. வானத்தின் நீலம் அதிற் கலந்து ஊதா போலத் தெரியும். அந்த நிழலின் அடிப்பகுதியிலோ, முற்றத்துச் செம்மண்ணில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஏறி, இலேசான செம்மை படிந்திருக்கும். ஒரு முழச் சுவரில் மூன்று நிறங்கள்! அவற்றைத் தட்டிலே நன்றாகக் குழைத்து ஒன்றாக்கிவிடாமல், பக்கத்திற் பக்கத்தில் தனித்தனித் தடங்களாக வைத்தால், சற்றுத் தள்ளி நிற்பவரின் கண்ணில் அவை கூடி வெயிலாகத் தோன்றும்.

மரங்களும் இவ்வாறே. வேம்பின் இலைகளை எண்ணிப் போட முயல்வது வீண். மேலே ஒளி பெற்ற திரள், கீழே நிழலுற்ற திரள் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். திரள்களுக்கு இடையே வானம் தெரியும் சிறு துளைகளை வானத்தின் முழு வெளிச்சத்தோடு தீட்டினால் அவை பொட்டுகள்போல வெளியே துருத்தும். அவற்றைச் சிறிது மங்கலாக்கியே வைக்க வேண்டும். பூவரசு தடித்த, பளபளக்கும் இலையுடையது. அது வானத்தின் நீலத்தைத் திருப்பிக் காட்டும். ஒளிக்கு எதிரே நின்று பார்த்தால் அதே இலையூடே வெயில் கசிந்து மஞ்சட்பச்சையாகும்.

பனையோ தனியான ஆசிரியன். செவ்றோய் சொன்ன பாடத்தை அது தானே நடத்திக் காட்டும். வெளிறிய வானத்தின் முன்னே பனையின் அடிமரம் கரியதாகத் தெரியும். அதே மரத்தின் கீழ்ப்பகுதி, பின்னேயுள்ள அடர்ந்த பற்றையின் இருளுக்கு முன்னே சாம்பல் வெள்ளையாகத் தெரியும். மரம் ஒன்று, நிறம் இரண்டு. மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பாகத் தீட்டினால் மரம் தாளில் ஒட்டிய நாடாவாகிவிடும். வட்டிலும் கவனம் வேண்டும். குருத்தோலையின் மஞ்சட்பச்சை, நடு ஓலையின் நரைத்த பச்சை, கீழே தொங்கும் காவோலையின் தவிட்டு நிறம் ஆகிய மூன்றையும் மூன்று நான்கு தூரிகைத் தடங்களிற் சொல்லிவிடலாம். தூரத்துத் தோப்பானால் அதுவும் வேண்டாம். மேல்விளிம்பு மட்டும் ஒழுங்கற்று அசையும் ஒரு நீலப் பட்டையே போதும். பார்ப்பவர் அதைப் பனந்தோப்பு என்று தாமே அறிவர்.

எல்லா விளிம்புகளையும் கூர்மையாக்குதல் கூடாது. ஒளிபடும் சுவர் முனையும் அதன் பின்னேயுள்ள மரத்தின் இருளும் சந்திக்கும் இடம் கூர்மையாயிருக்கட்டும். கண் அங்கேதான் செல்லும். மற்ற இடங்களில் சுவர் வேலிக்குள்ளும், வேலி நிலத்துக்குள்ளும் மெல்லக் கரையலாம். நிழல் நகர்ந்துவிட்டது என்று கண்டதும் நிறுத்த வேண்டும். வீட்டுக்குச் சென்று மின்விளக்கின் கீழே திருத்தியவர்கள் பெரும்பாலும் காலையைக் கொன்று படத்தைக் காப்பாற்ற முயன்றவர்களே. கைத்தொலைபேசியிற் படமெடுத்து வந்து அதைப் பார்த்து வரைவோரும் உளர். வடிவத்தை நினைவூட்ட அது உதவலாம். நிறத்துக்கு அதை நம்பலாகாது. ஒளிபட்ட சுவரை அது வெறும் வெள்ளையாக்கும், நிழலை வெறும் கறுப்பாக்கும்.

பயிற்சிகளுள் சிறந்தது ஒன்றுண்டு. ஒரே இடத்தில் அமர்ந்து, ஒரே சுவரையும் ஒரே மரத்தையும், காலையில் ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வரைவதே அது. மொனே 1892, 1893ஆம் ஆண்டுகளில் றூவன் நகரத்துப் பேராலயத்தின் முகப்பை எதிரேயிருந்த வீடுகளிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட தடவை வரைந்தார். பல படங்களை ஒரே காலத்தில் தொடங்கி, ஒளி மாற மாற ஒன்றை வைத்து இன்னொன்றை எடுப்பார். யாழ்ப்பாணத்தில் இப்பயிற்சிக்குப் பொது நூலகக் கட்டடம் மிகப் பொருத்தமானது. அதன் வெள்ளைச் சுவர்களும் நடுவிலுள்ள கும்மட்டமும் ஒளியின் சிறு மாற்றத்தையும் மறைக்காமற் சொல்லிவிடும். விடியலில் அது செம்மஞ்சள். நண்பகலிற் கண்ணைக் கூசவைக்கும் வெளிறல். மாலையில் ஒருபக்கம் பொன், மறுபக்கம் நீலம். மழைக்கு முன்னே, பின்னாலுள்ள கருமுகிலில் அது எலும்பு வெள்ளையாகத் தனித்து நிற்கும்.

அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொல்லியவுடன் நேயர்கள் உள்ளத்தில் இன்னொன்றும் எழும். 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி இரவோடிரவாக எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இன்று நிற்பது மீளக் கட்டியெழுப்பப்பட்டது. கோட்டைக்குள் 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமோ போரில் அழிந்து மீளவேயில்லை. வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டில் வெளியேறியவர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பியபோது, பல இடங்களில் வீடும் இல்லை; வேலியும் இல்லை; எல்லை காட்டிய மரமும் இல்லை. தம் பாட்டனார் வீட்டு முற்றத்தில் காலை வெயில் எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்கும் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் எத்தனை! நிலப்பட உறுதி காணியின் அளவைச் சொல்லும். அந்த வேம்பின் நிழல் திண்ணையில் எதுவரை நீண்டது என்பதை அது சொல்லாது.

ஓவியமும் அழிவுக்கு விலக்கானதன்று என்பது உண்மையே. குருநகரிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளைஞர் பலருக்கு ஓவியம் பயிற்றிய அ. மாற்கு என்பவர் 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்விலே ஊரை விட்டுச் செல்ல நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் காலமானார். ஓரிரவில் வீட்டை விட்டு நடக்கும் மக்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடியவை மிகச் சில. ஆயினும் மாற்கு பயிற்றிய கண்கள் அவருடைய மாணவரோடு எங்கும் சென்றன. பார்க்கக் கற்றவர் இழந்ததை ஓரளவாவது நினைவிலிருந்து மீட்டுத் தீட்ட வல்லவர். பார்க்கக் கல்லாதவர்க்கு, இழந்தபின் நினைவில் எஞ்சுவதும் மங்கலே.

இவ்வாறு நோக்குமிடத்து, பாடசாலையிற் சித்திரப் பாடவேளை என்பது கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன் கொடுக்கப்பட வேண்டிய வேளையன்று என்பது புலப்படும். மலையை வரையும் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. அப்பிள்ளைக்கு மலையைக் கற்பித்தவர்கள் பெரியவர்களே. முன்மாதிரிப் படத்தைக் கரும்பலகையில் எழுதி, அதைப் பார்த்து எழுதுக என்று சொல்வது ஆசிரியருக்கு எளிது. புள்ளி போடவும் எளிது. வகுப்பை வெளியே அழைத்துச் சென்று பாடசாலை வேப்பமரத்தின் கீழே இருத்துவதோ சிரமம். தண்ணீர் சிந்தும், காற்றிலே தாள் பறக்கும், நாற்பது பிள்ளைகளும் நாற்பது விதமாக வரைவர். ஆனால் அந்த நாற்பதில் எந்தப் பிள்ளை எங்கே இருந்து பார்த்தது என்பதை ஒவ்வொரு படமும் சொல்லும். ஒருவர் தாளில் வகுப்பறைச் சுவர் நீலம். இன்னொருவர் தாளில் மஞ்சள். இரண்டும் பிழையல்ல. ஒருவர் கிழக்கே இருந்தார், மற்றவர் மேற்கே இருந்தார், அவ்வளவே.

வளர்ந்தோருக்கும் இதே வழி திறந்திருக்கின்றது. ஓய்வு பெற்றவர், இல்லத்தரசியர், விடுமுறையில் ஊருக்கு வரும் வெளிநாட்டு உறவினர் எவரும் தொடங்கலாம். முதற் பத்துப் படங்கள் நன்றாக வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றை எறியவும் வேண்டாம். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஊரின் பெயர், திகதி, மணி, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பவற்றைக் குறித்து வைக்கலாம். பதினொராவது படத்தை வரையும்போது முதலாவதை எடுத்துப் பார்த்தால், கை எவ்வளவு திருந்தியது என்பதை விடக் கண் எவ்வளவு திருந்தியது என்பது தெரியவரும்.

நாளைக் காலை ஆறரை மணிக்கு உங்கள் வீட்டுப் படலையருகே நின்று, எதிர்வீட்டுச் சுவரில் வெயில் முதலில் எங்கே விழுகின்றது என்று பாருங்கள். தூரிகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சுவரின் நிறம் என்ன என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். 'வெள்ளை' என்று அது உடனே சொல்லிவிட்டால், இன்னும் சற்று நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.